கரி ஊறினால் தானாக வரும்: கார் சைலென்சர் முனையைச் சுத்தம் செய்யும் முறை

போன வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். என் மகள் தன் காரைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். பேனட்டில் முகம் பார்க்கலாம் போல இருந்தது. சக்கரங்களில்கூட அழுக்கில்லை. பின்பக்கம் போய்க் குனிந்தேன். சைலென்சர் முனை இரண்டும் விறகடுப்பில் ஏறி இறங்கிய சட்டி மாதிரி இருந்தன.

"அது மட்டும் போகலப்பா, ஷாம்பு போட்டு மூணு தடவை தேச்சிட்டேன்" என்றாள். கையில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். அதை இன்னும் குழாயில் வைக்கவில்லை என்பதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

நான் பெங்களூரில் தொழிற்பேட்டை இருக்கும் பீன்யாவில் 30 வருடம் எவர்சில்வர் பாலிஷ் பட்டறையில் வேலை பார்த்தவன். மாடிப்படிக் கைப்பிடி, ஹோட்டல் சமையலறை மேசை, ஆஸ்பத்திரித் தட்டு என்று கை வழியாகப் போனதற்குக் கணக்கில்லை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: சைலென்சர் முனையில் இருக்கும் கரியை எடுக்கப் பலம் வேண்டாம், பொறுமைதான் வேண்டும். பலத்தைக் காட்டினால் கரியோடு பளபளப்பும் போய்விடும்.

முதலில் வண்டி ஆற வேண்டும். ஓட்டி வந்து ஒரு மணி நேரமாவது நிற்கட்டும். அப்புறம் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய் சூடு இருக்கிறதா என்று பாருங்கள். சூடான குழாயில் சோப்புத் தண்ணீரோ பாலிஷோ பட்டால் அங்கேயே காய்ந்து கறையாகிவிடும்.

துடைப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, முனையின் உள்பக்கம் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வது போலத்தான் இது. எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதை அந்தக் கரி சொல்லும். கழுவிவிட்டால் அப்புறம் கேட்க முடியாது.

துணியில் கண்மை மாதிரி உலர்ந்த பொடி வந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. என் மகள் அல்சூரிலிருந்து இந்திரா நகருக்குப் போய் வருகிறாள். மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். குளிர்ந்த எஞ்சினுக்கு பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகவே போகும். அது முழுதாக எரியாமல் கரியாகி, குழாயில் தேங்கும் நீராவியோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். அவளுடையது டர்போ பெட்ரோல் வண்டி வேறு. சிலிண்டருக்குள்ளேயே நேராக பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. காற்றோடு கலக்க நேரம் குறைவு என்பதால் இந்த வகை எஞ்சின்களில் கரி சற்றுக் கூடுதலாகவே வரும். ஆனால் வழக்கத்தைவிடத் திடீரென்று கூடினால் ஏர் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

துணியில் வருவது பிசுபிசுவென்று, எண்ணெய் மினுமினுப்போடு இருந்தால் கதை வேறு. எஞ்சின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். வால்வு சீல், பிஸ்டன் ரிங், டர்போ சீல் இவற்றில் ஏதாவது ஒன்று தேய்ந்திருக்கலாம். எனது பழைய காரில் இப்படி ஈரக் கரி வந்தபோது நான் அதைப் படிக்கவில்லை. வாரா வாரம் துடைத்துப் பளபளப்பாக வைத்துக்கொண்டே இருந்தேன். ஆயில் அளவு பாதிக்கும் கீழே போன பிறகுதான் மெக்கானிக்கிடம் போனேன். வால்வு சீல் மொத்தமும் மாற்ற வேண்டி வந்தது. மூன்று மாதம் முன்னால் அந்தக் கரி சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும்.

டீசல் வண்டிக்காரர்களுக்கும் ஒன்று. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பெரும்பாலான டீசல் கார்களில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்தால் முனையின் உள்பக்கம் ஆச்சரியப்படும் அளவுக்குச் சுத்தமாக இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் கன்னங்கரேலென்று கரி படிந்தால் பாலிஷைத் தேட வேண்டாம். ஃபில்டரைச் சோதிக்க வேண்டும்.

சரி, அடுத்து முனை எதனால் ஆனது என்று பாருங்கள். நகத்தால் தட்டுங்கள். பிளாஸ்டிக் சத்தம் கேட்டால் அது பம்பரில் அழகுக்கு வைத்த போலி முனை. அதற்கு சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். கறுப்புப் பெயின்ட் அடித்த முனைக்கும் அதேதான், பாலிஷ் கூடாது. உலோகம் என்றால் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை, அல்லது ஒட்டியும் ஒட்டாமல் நழுவுகிறது என்றால் பெரும்பாலும் நல்ல எவர்சில்வர். பாத்திரக் கடையில் 18/8 என்பார்களே, 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல், அதே ஜாதி. டக்கென்று ஒட்டிக்கொண்டு, கண்ணாடி போல நீலச் சாயலில் மின்னினால் பெரும்பாலும் குரோம் பூச்சு. அந்தக் குரோம் அடுக்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனம்தான். தலைமுடியின் கனம் 70 மைக்ரான் அளவுக்கு இருக்கும். எவ்வளவு மெல்லிசு என்று பார்த்துக்கொள்ளுங்கள். எவர்சில்வரில் கோடு விழுந்தால் மறுபடி தேய்த்து எடுத்துவிடலாம். குரோம் போனால் போனதுதான்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மாஸ்க்கும் வேண்டும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012ல் அறிவித்தது. டீசல் வண்டியில் அந்தப் புகையின் கரிதான் இங்கே படிந்திருக்கும், பெட்ரோல் கரியும் மூச்சோடு உள்ளே போக வேண்டாம். அதனால் உலர்ந்த பிரஷ் போட்டுத் தட்டுவதோ, காற்றடித்து ஊதுவதோ வேண்டவே வேண்டாம்.

பழைய பனியன் துணியைச் சுருட்டி, குழாய்க்குள் நான்கு அங்குலம் தள்ளி அடைத்துவிடுங்கள். துணியின் வால் வெளியே தொங்கட்டும், மறக்காமல் எடுக்க அதுதான் அடையாளம். முனையைச் சுற்றியுள்ள பம்பரில் பெயின்டர் டேப் ஒட்டுங்கள்.

இனி ஊற வைக்கும் வேலை. டபிள்யூடி-40 மாதிரியான மெல்லிய எண்ணெயை ஒரு துணியில் அடித்துக்கொண்டு முனையின் உள்ளும் புறமும் தடவி, கால் மணி நேரம் விடுங்கள். கரி எண்ணெயைக் குடித்து இளகும். பனியன் வேஸ்டால் வழித்து எடுங்கள். முதல் துணி தார் மாதிரி வரும். வேறு துணி எடுத்து மறுபடி வழியுங்கள். தேய்க்கக் கூடாது, வழிக்க வேண்டும்.

அடுத்தது சுளுக்குக்குப் பத்து போடுகிற மாதிரி. ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு ஸ்பூன் கலந்து, அதில் துணியை நனைத்து முனையைச் சுற்றிக் கட்டுங்கள். உள்பக்கமும் ஒரு துணியை ஒட்டி வையுங்கள். மேலே பிளாஸ்டிக் கவர் ஒன்றை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டால் காயாது. இருபது நிமிடம். இந்த நேரத்தில் காபி குடித்துவிட்டு வரலாம். பிரித்ததும் பழைய டூத் பிரஷால் மடிப்பிலும் வெல்டிங் ஓரத்திலும் சுற்றுங்கள். என் மகள் மூன்று தடவை தேய்த்தும் போகாத கரி, இந்தப் பத்தைப் பிரித்தபோது துணியோடு தோல் மாதிரி உரிந்து வந்தது. கீழே மஞ்சள் சாயலில் உலோகம் தெரிந்தது. "இவ்ளோதானாப்பா?" என்றாள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர் தட்டுப்பாடு வந்தபோது குடிநீரில் வண்டி கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஹோஸ் பைப்பை எடுப்பதில்லை. இந்த வேலைக்கு இரண்டு முனைக்கும் சேர்த்து அரை பக்கெட் போதும். பைப்பைப் பிடித்துக் குழாய்க்குள் அடிப்பது எப்படியும் தப்பு, சைலென்சருக்குள் தண்ணீர் தங்கினால் உள்ளிருந்து துருப்பிடிக்கும். போர் தண்ணீர் என்றால் உடனே துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும்.

இதற்கும் மசியாத கரிக்குத்தான் உரசல். எவர்சில்வருக்கு சாதாரண ஸ்டீல் உல் போடாதீர்கள். எங்கள் பட்டறையில் எவர்சில்வர் இருக்கும் மேசைப் பக்கம் இரும்பு பிரஷ் வரவே கூடாது என்பது சட்டம். இரும்புத் துகள் அதில் பதிந்து, பத்து நாளில் அந்தத் துகள் துருப்பிடித்து, எவர்சில்வரே துருப்பிடித்த மாதிரி தெரியும். வெள்ளை நிற நைலான் பேட் வாங்குங்கள். பச்சை ஸ்காட்ச் பிரைட் முரடு, கோடு போட்டுவிடும். பேடில் கொஞ்சம் மெட்டல் பாலிஷ் தடவி, உலோகத்தில் ஏற்கெனவே கோடு ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே போனால் எத்தனை பாலிஷ் போட்டாலும் அந்தக் கீறல் வெயிலில் தெரியும்.

குரோமுக்கு வழி வேறு. அதில் துருப்புள்ளி இருந்தால் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெல்லத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, துருவை எடுக்கும், குரோமைக் கீறாது.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தயவுசெய்து தொடாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு பையன் ஊற்றினான். கரி ஒரு நிமிடத்தில் போனது உண்மைதான். மறுவாரம் என்னிடம் கொண்டுவந்து, "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றான். முனை முழுக்க ஊசி குத்தின மாதிரி பழுப்புக் குழிகள். அந்த ஆசிடில் இருப்பது ஹைட்ரோகுளோரிக். எவர்சில்வருக்குக் கவசமாக இருக்கும் மெல்லிய ஆக்ஸைடு படலத்தை அதன் குளோரைடு உடைத்துவிடும், குரோமையும் கரைத்துவிடும். பிளீச்சிலும் அதே ஆபத்து உண்டு. அந்தக் குழிகளை 800, 1200, 2000 என்று வாட்டர் பேப்பர் மாற்றி மாற்றித் தண்ணீர் போட்டுத் தேய்த்து எடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. அவனுடையது எவர்சில்வர் என்பதால் முடிந்தது.

கடைசியாக பாலிஷ். பிராஸோ இருந்தாலும் சரி, கார் கடையில் விற்கும் மெட்டல் பாலிஷ் பேஸ்ட்டும் சரி. துவரம்பருப்பு அளவு எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தடவி, இரண்டு நிமிடம் தேய்த்து, காயும் முன் சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பாலிஷ் போடும்போது துணி கறுத்துக்கொண்டே இருக்கும். இன்னும் அழுக்கு இருக்கிறது என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே போவார்கள். அது கரி இல்லை, பாலிஷ் சுரண்டி எடுக்கும் உலோகம். துணியைப் பார்க்காதீர்கள், முனையைப் பாருங்கள். டியூப்லைட் மங்காமல் அதில் தெரிந்தால் போதும், நிறுத்திவிடலாம். குரோமுக்கு ஒரே ஒரு சுற்று. மஞ்சள், ஊதா, நீலம் என்று தெரிவது சூட்டில் வந்த நிறம். பாலிஷில் போகும், சூடு ஏறினால் திரும்ப வரும்.

அடைத்த துணியை எடுத்துவிட்டு, திறந்த இடத்தில் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட விடுங்கள், உள்ளே இருக்கும் ஈரம் போகும். மூடிய பேஸ்மென்ட்டில் மட்டும் வேண்டாம், அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

மறுபடி ஆறியதும் சக்கரங்களுக்குப் போடும், சூடு தாங்கும் சீலன்ட்டை மெல்லிசாகத் தடவுங்கள். சாதாரண கார்னாபா மெழுகு 85 டிகிரி வாக்கில் உருகிவிடும், இங்கே நிற்காது. விறகடுப்புக் காலத்தில் என் அம்மா சட்டியை அடுப்பில் ஏற்றும் முன் அடிப்பக்கம் ஈரமண் பூசுவாள். கரி மண்ணின் மேல் பிடிக்கும், கழுவும்போது மண்ணோடு போய்விடும். சீலன்ட் செய்வதும் அந்த வேலைதான்.

இப்போது என் மகள் டிக்கியில் ஒரு துணி வைத்திருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காலையில் வண்டியை எடுக்கும் முன் நனைத்து ஒரு சுற்று துடைக்கிறாள். துடைத்த துணியைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவாள். உலர்ந்த கரியா, ஈரக் கரியா என்று நான் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்வேன். போன வாரம் வந்தது உலர்ந்த பொடிதான், அதுவும் கொஞ்சம்.