ஹைட்ரேஞ்சியா பூவை நீலமாக்குறது எப்படி? மண்ணுல இருக்குற அலுமினியம்தான் வேலை செய்யுது

ஊட்டி, கொடைக்கானல் போனவங்க பார்த்திருப்பீங்க, வேலி ஓரமா பந்து பந்தா பூத்து நிக்குமே, அதான் ஹைட்ரேஞ்சியா. அங்க நீலமா இருந்த செடில கட்டிங் எடுத்துட்டு வந்து வீட்ல வச்சா ரோஸ் கலர்ல பூக்குதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க. செடி அதேதாங்க, மண்ணு வேற. அலுமினியம் பூவுக்குள்ள போய் அங்க இருக்குற நிறமியோட சேர்ந்தா நீலம், போகலன்னா ரோஸ், கொஞ்சமா போனா ஊதா. வெள்ளை ரகத்துல இந்த நிறமி இல்ல, அதனால அதை வச்சுக்கிட்டு மெனக்கெட வேண்டாம்.

அலுமினியத்தை எங்கிருந்தோ கொண்டு வரணும்னு இல்ல. பூமியோட மேல் ஓட்டுல எடைக்கு சுமார் 8 சதவீதம் அதுதான், உலோகங்கள்லயே அதுதான் அதிகம். நீலகிரி பாறை (சார்னோகைட்) மழையில நைஞ்சு நைஞ்சு சோடியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் முதல்ல கரைஞ்சு ஓடிடும், அப்புறம் சிலிக்காவும் மெதுவா போகும், கடைசில தங்குறது அலுமினியமும் இரும்பும்தான், அந்த செம்மண் அப்படி வந்ததுதான். இன்னும் முத்திப்போனா பாக்சைட், அதாவது அலுமினியம் எடுக்குற தாது. சேர்வராயன் மலைலயும் கொல்லிமலைலயும் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு கொண்டு போனது அதைத்தான்.

ஆனா மண்ணுல இருந்தா மட்டும் போதாது. களிமண்ணுக்குள்ள அது பூட்டிதான் கிடக்கும். மண்ணு புளிப்பா மாறி பிஹெச் (புளிப்பை காட்டுற எண், குறைய குறைய புளிப்பு அதிகம்) 5.5க்கு கீழ இறங்கினாதான் தண்ணில கரைஞ்சு வேருக்கு கிடைக்கும்.

இதை கண்ணால பாக்கணும்னா நாட்டு மருந்து கடைல படிகாரம் (அலுமினியம் இருக்குற உப்பு) வாங்கி, ஒரு டம்ளர் தண்ணில கொஞ்சம் கரைங்க, தெளிவா இருக்கும். அதுல சமையல் சோடா கரைச்ச தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா விடுங்க, நுரைச்சுட்டு வெள்ளையா கொழகொழன்னு திரியும். அதுதான் அலுமினியம் ஹைட்ராக்சைடு. உடனே வடிகட்டின எலுமிச்சை சாறு நிறைய விட்டு கலக்குனா நுரை அடங்கி திரும்ப கரைய ஆரம்பிக்கும். (குடிச்சிராதீங்க!) கலங்கின தண்ணில படிகாரம் போட்டா தெளியுறதும் இந்த கொழகொழப்பு சேத்தை இழுத்துட்டு அடியில உக்கார்றதாலதான். புளிப்பான ஓடைத் தண்ணி பெரிய ஆத்துல கலக்குற இடத்துலயும் இதேதான் நடக்கும், அலுமினியம் திரிஞ்சு வண்டலோட வண்டலா படிஞ்சிடும். அதனாலதான் கடல் தண்ணில கரைஞ்ச அலுமினியம் ரொம்ப ரொம்ப கம்மி.

சரி, செடிக்கு வருவோம். முதல்ல மண்ணோட பிஹெச் பாருங்க, மண் பரிசோதனை நிலையத்துல குடுத்தா சொல்லிடுவாங்க, இல்லன்னா ஒரு பங்கு மண்ணுக்கு ரெண்டரை பங்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி கலக்கி, தெளிய விட்டு பிஹெச் பேப்பர முக்கிப் பாருங்க. 5.5க்கு கீழ இருக்குற செம்மண்ணா? ஒண்ணுமே பண்ணாதீங்க, தானா நீலம் வரும். 6க்கு மேலன்னா பிஹெச்சை இறக்கணும். தரைல வச்ச செடின்னா கந்தகத்தூள் கொஞ்சமா கிளறி விடலாம், மண்ணுல இருக்குற பாக்டீரியா அதை ஆசிடா மாத்தணும், அதுக்கு மாசக்கணக்கா ஆகும். தொட்டின்னா கதை வேற, அதுல நிரப்புற கோகோபீட்ல (தேங்காய் நார்த்தூள்) அலுமினியம் பேருக்குத்தான் இருக்கும், அதனால எவ்ளோ புளிப்பாக்குனாலும் நீலம் வராது, அலுமினியத்தையும் நாமதான் குடுக்கணும். அலுமினியம் சல்ஃபேட் ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்து நாலு லிட்டர் தண்ணில கரைச்சு, முதல்ல வெறும் தண்ணி விட்டு நனைச்ச மண்ணுல ஊத்துங்க, காஞ்ச மண்ணுல ஊத்துனா வேர் கருகிடும். மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை போதும். மொட்டு வர்றதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிக்கணும், விரிஞ்ச பூவுக்கு ஊத்தி பிரயோஜனம் இல்ல.

நிறைய பேருக்கு சொதப்புறது உரத்துலயும் தண்ணிலயும்தான். டிஏபி, சூப்பர் பாஸ்பேட், எலும்புத்தூள் எதுவும் போடாதீங்க, பாஸ்பேட் அலுமினியத்தைப் பிடிச்சு வச்சுக்கும், வேருக்கு விடாது. உப்பு படியுற போர் தண்ணி ஊத்துனா பிஹெச் திரும்ப ஏறிடும், மழைத்தண்ணி பிடிச்சு வச்சு ஊத்துங்க.

அதுக்காக மிச்ச அலுமினியம் சல்ஃபேட் தண்ணிய தக்காளிக்கும் ஊத்திராதீங்க, கரைஞ்ச அலுமினியம் பெரும்பாலான செடிகளோட வேர் நுனிய முடக்கிடும். தேயிலை மாதிரி சிலதுதான் அதை சமாளிக்கும், தேயிலை முத்துன இலைல அலுமினியத்தை சேத்து வச்சுக்கும், இலை உதிர்ந்து மக்குனதும் திரும்ப மண்ணுக்கே வந்துடும். உங்க ஹைட்ரேஞ்சியாவும் அதைத்தான் பண்ணுது, அதனால தொட்டில உதிர்ற இலைய பெருக்கி வெளிய போடாம அங்கயே மக்க விடுங்க. ரோஸ்தான் புடிச்சிருக்குன்னா எல்லாத்தையும் தலைகீழா பண்ணுங்க, கொஞ்சம் சுண்ணாம்பு தூவுனா போதும்.