மலை வீட்டு சோபாவில் பேஸ் ஷேக்கர் பொருத்தும் முறை

ஊட்டியிலும் குன்னூரிலும் கொடைக்கானலிலும் வீடுகள் சரிவில் படிக்கட்டு மாதிரி அடுக்கியிருக்கும். இரவு ஒன்பது மணிக்கு ஊர் அடங்கிவிடும். அந்த அமைதியில் படம் போட்டு, அடி ஒலிக்கான (பேஸ்) 12 அங்குல சப்வூஃபரைத் திறந்துவிட்டால் பக்கத்துச் சுவரும் அதிரும், கீழ் வீட்டு ஜன்னல் கண்ணாடியும் அதிரும். பருவமழை மாதங்களில் கதை தலைகீழ். தகரக் கூரையில் மழை கொட்டும்போது எவ்வளவு வைத்தாலும் பேஸ் காதில் ஏறாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி இருக்கிறது. அடி ஒலியைக் காற்று வழியாக அனுப்பாமல், உட்கார்ந்திருக்கும் சோபாவின் மரச்சட்டம் வழியாக உடம்புக்கே கொடுப்பது. பேஸ் ஷேக்கர் செய்வது இதைத்தான். ஸ்பீக்கரில் உள்ள அதே காந்தமும், வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருளும் இதிலும் உண்டு, கூம்புக் காகிதம் மட்டும் கிடையாது. அதற்குப் பதிலாக உள்ளே ஒரு கனமான எடை மேலும் கீழும் ஆடும், அந்த ஆட்டத்தை வெளிக்கூடு சட்டத்துக்குக் கடத்தும்.

சோபாவைத் தரையிலிருந்து பிரிக்காமல் ஷேக்கர் மாட்டினால் பாதி வேலை வீண். பலர் ஷேக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, சோபாக் கால்களுக்கு அடியில் எதுவும் வைப்பதில்லை. சட்டம் கான்கிரீட் தரையோடு இறுகி நின்றால் ஷேக்கர் மொத்தத் தளத்தையும் சேர்த்து ஆட்டப் பார்க்கும், முடியாமல் சக்தி வீணாகும். பழைய பங்களாக்களின் பலகைத் தரை என்றால் இன்னும் மோசம். உத்திரம் வழியாக அதிர்வு ஓடிப்போய் அடுத்த அறை அலமாரியில் பீங்கான் தட்டுகளைக் கிலுகிலுக்க வைக்கும். அதனால் முதலில் ரப்பர், பிறகுதான் ஷேக்கர்.

ரப்பர் எவ்வளவு மெத்தென்று இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆள் உட்கார்ந்தபின் காலடி ரப்பர் பேட் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று அளந்து, 15.8 என்ற எண்ணை அந்த அளவின் வர்க்கமூலத்தால் வகுத்தால், சோபா தானாக ஆடும் அதிர்வெண் ஹெர்ட்ஸில் கிடைக்கும். 1 மி.மீ. அமுங்கினால் ஏறக்குறைய 16 ஹெர்ட்ஸ், 4 மி.மீ. அமுங்கினால் 8. அந்த எண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேல் உள்ள அதிர்வுகளைத்தான் பேட் தரைக்குப் போகாமல் தடுக்கும். நமக்கு 20 ஹெர்ட்ஸிலிருந்தே நன்றாகத் தடுக்க வேண்டும். ஆகவே 3 முதல் 4 மி.மீ. அமுக்கம் தேவை. ஆட்டத்தில் ரப்பர் கொஞ்சம் விறைப்பாக நடந்துகொள்ளும் என்பதால் இதற்குக் குறைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று பேர் சோபா 50 கிலோ, இரண்டு பேர் 140 கிலோ என்றால் நான்கு கால்களுக்குப் பிரித்து ஒரு காலுக்கு 47.5 கிலோ வருகிறது. வாஷிங் மெஷினுக்கு விற்கும் கடினமான ரப்பர் காலணி இந்த எடைக்கு அரை மில்லிமீட்டர்கூட அமுங்காமல் போகலாம். வரி வரியாகப் பள்ளம் உள்ள மெத்தென்ற பேடை வாங்கி, கால் அளவுக்கு வெட்டி, இரண்டு அடுக்காக வைத்து அளந்து பாருங்கள். சோபாவின் முதுகு சுவரைத் தொடக்கூடாது. 5 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

இனி சாமான்கள். இரண்டு அல்லது மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு 50 வாட், 4 ஓம் ஷேக்கர் இரண்டு போதும். ஆரா, டேட்டன் ஆடியோ போன்றவர்களின் வட்டத் தட்டு வடிவ ஷேக்கர்கள் இந்த வகை. ஒற்றை நாற்காலிக்கு ஒன்று. நான்கைந்து இருக்கைகளை ஒரே மேடையில் ஏற்றி மேடையையே ஆட்டுவதானால் பட்கிக்கர் எல்.எஃப்.இ. மாதிரி பெரிய உருளை வேண்டும், அதன் ஆம்ப்ளிஃபயரும் சில நூறு வாட் கேட்கும். மலை வீட்டு அறைகள் பெரும்பாலும் சின்னவை. மேடை கட்டாமல் சோபாவிலேயே மாட்டுவது நல்லது.

இவற்றோடு 18 மி.மீ. பிளைவுட் துண்டு இரண்டு வேண்டும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளையாகப் பார்த்து வாங்குங்கள். ஐ.எஸ். 303 முத்திரையோடு வரும் சாதா எம்.ஆர். பிளை இங்குள்ள ஈரத்தில் இரண்டு மழைக்காலத்துக்குள் ஓரம் பிரிய ஆரம்பிக்கலாம், பிரிந்த பிளை ஷேக்கரின் ஆட்டத்தில் தடதடக்கும். துருப்பிடிக்காத 6 மி.மீ. போல்ட், அகல வாஷர், அதிர்வில் தளராத நைலாக் நட் ஒரு ஷேக்கருக்கு நான்கு செட். 1.5 சதுர மி.மீ. இரட்டைச் செம்பு ஒயர். ஆம்ப்ளிஃபயர் 10 மீட்டருக்கு அப்பால் இருந்தால் 2.5.

சோபாவைக் கவிழ்த்தால் அடியில் மெல்லிய கறுப்புத் துணி ஸ்டேப்பிள் அடித்திருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து மடக்கிவிடுங்கள், வேலை முடிந்ததும் திரும்ப அடித்துவிடலாம். உள்ளே முன் சட்டம், பின் சட்டம், நடுவில் ஸ்பிரிங்கோ பட்டை நாடாவோ தெரியும். ஷேக்கரை நாடாவில் கட்டக்கூடாது. முன் சட்டத்துக்கும் பின் சட்டத்துக்கும் குறுக்கே பிளைவுட்டைப் பாலம் மாதிரி போட்டு, இரு முனையும் போல்ட் அடித்து, ஒவ்வொருவரும் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே, கொஞ்சம் பின்தள்ளி, ஷேக்கரைப் பொருத்துங்கள். ஆள் உட்காரும்போது ஸ்பிரிங் கீழே இறங்கும் அல்லவா, பாலத்துக்கும் அதற்கும் நடுவே குறைந்தது 6 செ.மீ. விடுங்கள். மர ஸ்குரூ இங்கே உதவாது. அதிர்வில் ஒரு மாதத்தில் தளர்ந்து, படம் நடுவே கடகடவென்று சத்தம் வரும். சில்வர் ஓக்கில் செய்த சட்டங்கள் எடை குறைவு, நன்றாக அதிரும், ஆனால் மூட்டுகளில் பசை விட்டுப்போயிருந்தால் கிரீச்சிடும். ஷேக்கர் மாட்டும் முன்பே மூட்டுகளை இறுக்கிவிடுங்கள். ரிக்ளைனராக இருந்தால் நகரும் இரும்புக் கைகளில் மாட்டாமல் நகராத சட்டத்தில் மாட்டி, ஒயருக்குத் தாராளமாகத் தொய்வு கொடுங்கள்.

ஆம்ப்ளிஃபயருக்குச் சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் டி.பி.ஏ.3116 சிப் போட்ட சின்னப் பெட்டியே இரண்டு ஷேக்கருக்குப் போதுமானது. 24 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டரோடு வாங்குங்கள். ஒரு சேனலுக்கு ஒரு ஷேக்கர் என்று இணைத்துவிட்டால் ஓம் கணக்குத் தொல்லை இல்லை. ஆனால் இந்த வகை ஆம்ப்ளிஃபயரில் இரண்டு சேனலின் மைனஸ் முனைகளையும் ஒன்றாக முறுக்கிவிடக் கூடாது, சிப் போய்விடும். மோனோ ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கு: இரண்டு 4 ஓம் ஷேக்கரைத் தொடராக இணைத்தால் 8 ஓம், பக்க இணைப்பில் 2 ஓம். நான்கு இருந்தால் இரண்டிரண்டாகத் தொடர்போட்டு, அந்த இரு ஜோடியையும் பக்க இணைப்பில் சேர்த்தால் மறுபடி 4 ஓம். எந்த ஆம்ப்ளிஃபயர் 2 ஓம் தாங்கும் என்று அதன் முதுகில் அச்சிட்டிருப்பதைப் பார்க்காமல் பக்க இணைப்பு போடாதீர்கள்.

ஷேக்கருக்கான சிக்னல், ஹோம் தியேட்டரின் மையப் பெட்டியான ரிசீவரின் சப்வூஃபர் அவுட்டிலிருந்து வருகிறது. ஒரு அவுட் மட்டும் இருந்தால் ஆர்.சி.ஏ. ஒய் கேபிளால் பிரித்து ஒன்றை சப்வூஃபருக்கும் மற்றொன்றை ஷேக்கர் ஆம்ப்ளிஃபயருக்கும் கொடுங்கள். எல்.எஃப்.இ. என்னும் அடி ஒலித் தடத்தில் 120 ஹெர்ட்ஸ் வரை ஒலி இருக்கும். ஷேக்கருக்கு அவ்வளவு மேலே வேண்டாம், 80-இலேயே வெட்டிவிடுங்கள், 60-ஆக இருந்தாலும் சரி. இந்த வெட்டு இல்லாமல் போனால் ஆண் குரல் பேசும்போதெல்லாம் சோபா உறுமும். ரிசீவரில் ஸ்பீக்கர் கிராஸ்ஓவரை (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லையை) 120-க்கு ஏற்றி வைத்திருப்பவர்களிடம் இந்தக் கோளாறு நிச்சயம் இருக்கும்.

ஆம்ப்ளிஃபயர் வேலை செய்ய ஆரம்பித்ததும் படம் எதுவும் ஓடாமலே சோபா மெலிதாக நடுங்கினால் அது 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல். சப்வூஃபரில் காதுக்கு எட்டாத அளவு இரைச்சலும் ஷேக்கரில் தொடையில் தெரியும், ஏனென்றால் 50 ஹெர்ட்ஸ் ஷேக்கர் வேலை செய்யும் எல்லையின் நடுவிலேயே விழுகிறது. ரிசீவர், சப்வூஃபர், ஷேக்கர் ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள். பெரும்பாலும் இதிலேயே தீரும். தீராவிட்டால் சிக்னல் கேபிளின் நடுவே ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம், 10 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று எழுதியதாகப் பாருங்கள். மலிவானவை 30-க்குக் கீழே பேஸை விழுங்கிவிடும். எர்த் பின்னை உடைப்பது தீர்வல்ல, உயிராபத்து. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் சைன் வேவ் வகைதானா என்று பாருங்கள். சதுர அலை இன்வெர்ட்டரும் இதே நடுக்கத்தைத் தரக்கூடும்.

அடுத்தது நேரப் பொருத்தம். பலர் தவறவிடுவது இதைத்தான். ஷேக்கரின் அதிர்வு உடனே உடம்புக்கு வந்துவிடுகிறது. சப்வூஃபரின் ஒலியோ அறையைக் கடந்து வர வேண்டும். குளிர்ந்த அறையில், 15 டிகிரியில், ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது. உயரம் இதை மாற்றுவதில்லை, குளிர்தான் கொஞ்சம் குறைக்கிறது. மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதோடு சப்வூஃபரின் உள்ளே இருக்கும் சர்க்யூட்டும் சில மில்லிவினாடி தாமதிக்கும். ரிசீவரின் மைக் அளவீடு முடிந்ததும் சப்வூஃபர் தூரம் என்று 5 மீட்டர் காட்டினால், உண்மையில் அது 3 மீட்டரில் இருந்தாலும், அந்த 5-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். உள் தாமதமும் அதற்குள் அடக்கம். 5 பெருக்கல் 3, ஷேக்கருக்கு 15 மில்லிவினாடி தாமதம். மினிடி.எஸ்.பி. போன்ற சிக்னல் திருத்தும் கருவியில் இதை எண்ணாகவே போடலாம். ரிசீவரில் தனித்தனியாக அமைக்கக்கூடிய இரண்டு சப்வூஃபர் அவுட் இருந்தால் தாமதத்துக்குத் தனிக் கருவி வேண்டாம்: இரண்டாவதை ஷேக்கருக்குக் கொடுத்து, தூரத்தை அது அனுமதிக்கும் மிகச் சிறிய எண்ணாக வையுங்கள். தூரம் குறையக் குறைய ரிசீவர் அதிகம் தாமதிக்கும். சில ரிசீவர்களில் இரண்டு அவுட்டும் உள்ளே ஒன்றுதான், தூரமும் ஒன்றாகத்தான் மாறும்.

மைக் அளவீடு நடக்கும்போது ஷேக்கர் அணைந்திருக்கட்டும். மைக்கைச் சோபா மேல் வைக்காமல் டிரைபாடில் வையுங்கள். இல்லையென்றால் சோபாவின் அதிர்வையே மைக் பேஸ் என்று எண்ணிக் கணக்கைக் குழப்பிக்கொள்ளும்.

பிறகு போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி, ரிசீவர் வழியாக 20-இலிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். இந்தத் தட்டு வகை ஷேக்கர்கள் 40-ஐ ஒட்டி ஓரிடத்தில் திடீரென்று துள்ளும். அது ஷேக்கரின் சொந்த ஒத்ததிர்வு. அதை அப்படியே விட்டால் வெடியும் இடியும் ரயிலும் ஒரே மாதிரி 'ங்ஙுர்ர்' என்றுதான் தெரியும். மினிடி.எஸ்.பி. போன்ற கருவியின் ஈக்வலைசரில் அந்த இடத்தை 6 முதல் 8 டெசிபல் இறக்குங்கள். மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தரும் வேலை இது, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். 15 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹைபாஸ் ஃபில்டர் வைத்து வெட்டுங்கள். அங்கே காயில் சூடாவதைத் தவிர வேறு பயன் இல்லை.

அளவு வைக்கும் விதம்: வழக்கமாகப் பார்க்கும் சத்தத்தில் பேஸ் நிறைந்த ஒரு காட்சியை ஓடவிட்டு, ஷேக்கரைச் சுழியத்திலிருந்து ஏற்றுங்கள். 'ஆ, ஷேக்கர்' என்று தெரியும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து இரண்டு மூன்று டெசிபல் இறக்குங்கள். ஓடும்போது தனியாகத் தெரியாமல், அணைத்தால் படம் வெறிச்சென்று இருந்தால் அளவு சரி. இரவில் சப்வூஃபரைக் குறைக்கும்போது ரிசீவர் மெனுவில் குறைக்காதீர்கள், ஒய் கேபிளில் ஷேக்கரும் கூடவே இறங்கிவிடும். சப்வூஃபர் முதுகில் உள்ள குமிழைத் திருகுங்கள்.

ஷேக்கருக்குக் கூம்பு இல்லாததால் அது திணறுவது காதுக்குத் தெரியாது. வார்னிஷ் கருகும் வாடை வந்தால் காலம் கடந்துவிட்டது. இரண்டு மணி நேரப் படம் முடிந்ததும் கூட்டைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் அளவு அதிகம். இதய பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் அந்த இருக்கையில் அவர்களை உட்கார வைக்க வேண்டாம், உள்ளே இருப்பது பலமான காந்தம்.

ஈரத்துக்கான ஏற்பாடு தனி. ஒயர் முனைகளைச் சும்மா முறுக்கிவிட்டால் ஒரு மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும். கிரிம்ப் லக் என்ற உலோக முனையை அடித்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். ஆம்ப்ளிஃபயரைத் தரையில் வைக்காமல் சுவர்ப்பலகையில் வையுங்கள், கணப்பிலிருந்தும் ஒயரைத் தள்ளியே கொண்டுபோங்கள். கோடை மழை இடி இறங்கும் ஏப்ரல், மே மாலைகளில் பிளக்கைப் பிடுங்கி வைப்பது நல்லது. வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் காட்டேஜ்களில் கதவைத் திறந்ததுமே ஷேக்கரை முழு அளவில் ஓட்டாமல், அறையைக் கொஞ்சம் சூடேற்றிவிட்டு ஆரம்பியுங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் ரப்பரும் மெமரி ஃபோமும் விறைக்கும், ஜூனில் வைத்த அளவு அப்போது முரடாகத் தெரியும். 2 டெசிபல் குறைத்தால் சரியாகிவிடும். போல்ட்களை முதல் மாதம் முடிந்ததும் ஒருமுறை இறுக்குங்கள், பிறகு ஒவ்வொரு மழைக்காலம் ஓய்ந்ததும்.