பெங்களூரில் ஒரு நாள் வேலை பார்க்க இடம்

கிருஷ்ணகிரியில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள், மீட்டிங்குக்காக பெங்களூரு போகிற நாளில் லேப்டாப்போடு உட்கார இடத்தை மெட்ரோ ஸ்டேஷனை ஒட்டியே தேடுங்கள். ஓசூர் ரோட்டில் பொம்மசந்திராவில் இறங்கினால், 2025 ஆகஸ்டில் தொடங்கிய மெட்ரோ மஞ்சள் தடத்தில் எலக்ட்ரானிக் சிட்டி, பிடிஎம் லேஅவுட் வழியாக ஆர்.வி. ரோடு வரை போகலாம். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் சிக்காமல் போவதே பெரிய மிச்சம்.

கோ-ஒர்க்கிங் இடங்களில் (பலரும் வாடகைக்கு உட்கார்ந்து வேலை பார்க்கும் பொது அலுவலகங்கள்) ஒரு நாள் பாஸ் உண்டா என்று முதல் நாளே போனில் கேளுங்கள். போன் கால் பேச தனி அறை இருக்கிறதா என்றும் கட்டாயம் கேளுங்கள்; வைஃபையைவிட இதில்தான் பலர் திண்டாடுகிறார்கள். காபி கடை என்றால், கூகுள் மேப்ஸ் விமர்சனங்களுக்குள் வைஃபை, பிளக் பாயின்ட் என்று தேடிப் பாருங்கள். மதியக் கூட்டம் வருவதற்குள் எழுந்துவிடுவது நல்லது. அப்புறம், நெட் கிடைக்காமல் போனால் உதவ வேறு கம்பெனி சிம் ஒன்றும் கையில் இருக்கட்டும்.