ஃபாலோயர் கூடினால் குழு கூடிவிடாது: உள்ளூர் கிரியேட்டிவ் டெக்னாலஜி குழு தொடங்குபவர்கள் சமூக ஊடகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினிக் கோடு (code) எழுதி ஓவியம் வரைபவர்கள், சென்சாரை வைத்து இசை அமைப்பவர்கள், புரொஜெக்டரைக் கொண்டு சுவரில் கதை சொல்பவர்கள், துணிக்குள் மின்சுற்று தைப்பவர்கள் என்று, கிரியேட்டிவ் டெக்னாலஜி எனப்படும் இந்த வேலையைச் செய்பவர்கள் அநேகமாக எல்லா ஊரிலும் ஒரு சிலராவது இருக்கிறார்கள். கருவி இல்லையே என்ற குறை இப்போது பெரிதாக இல்லை. ஓவியம், அனிமேஷன் செய்பவர்களுக்காகவே கோடிங்கை எளிதாக்கிய புராசஸிங் 2001-ல் வந்தது. சென்சார், மோட்டார்களை இயக்க உதவும் சிறு மின்னணுப் பலகையான ஆர்டுயினோ 2005-ல் வந்தது. உலாவியிலேயே ஓடும் கோடிங் கருவியான பி5.ஜேஎஸ் 2013-ல் வந்தது. இவற்றின் மென்பொருள் எல்லாமே இலவசம். இன்றைய குறை வேறு. அடுத்த தெருவில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும் இன்னொருவரை நமக்குத் தெரியாது.

அந்த இருவரையும் ஒருவருக்கொருவர் அடையாளம் காட்ட சமூக ஊடகம் நல்ல வழி. ஆனால் அதைப் பயன்படுத்தும்போது பெரும்பாலான குழுக்கள் ஒரே இடத்தில்தான் வழுக்குகின்றன. திரையில் ஏறும் எண்ணிக்கையைக் குழு என்று எடுத்துக்கொள்கிறார்கள். கீழே சொல்லும் தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவைதான். ஒரு பதிவைப் போடும் முன் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: இதைப் பார்த்துவிட்டு யாராவது ஒருவர் இன்னொருவரை நேரில் சந்திக்க ஓர் அடியாவது எடுத்து வைப்பாரா?

ஆட்களுக்கு முன்னால் லோகோ

பெயர், லோகோ, வண்ணத் தேர்வு, அப்புறம் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், எக்ஸ், லிங்க்ட்இன், யூடியூப், டிஸ்கார்டு என்று ஆறு கணக்குகள். குழுவில் இருப்பவரோ ஒருவர். இரண்டு மாதத்தில் ஆறும் ஒன்றாக ஓய்ந்துபோகும். கடைசிப் பதிவு போன வருடத் தேதியில் நிற்கும் கணக்கைப் பார்ப்பவர், குழு கலைந்துவிட்டது என்றுதான் நினைப்பார். கணக்கே இல்லாமல் இருப்பதைவிட இது மோசம்.

ஹேக்கர்ஸ்பேஸ் எனப்படும் கூட்டுப் பட்டறைகளை நடத்திப் பழகிய ஜெர்மானியர்கள் 2007-ல் தங்கள் அனுபவத்தைத் தொகுத்துச் சொன்னார்கள். அதில் ஓர் அறிவுரை: முதலில் ஒரே எண்ணம் கொண்ட இருவர் சேருங்கள், பிறகு இன்னும் இருவரைப் பிடியுங்கள், நால்வர் ஆனதும் ஊருக்குச் சொல்லுங்கள். சமூக ஊடகம் இன்றைய அளவுக்கு வளராத காலத்தில் சொன்னது. இன்றைக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்துகிறது. நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எதையோ செய்யும் ஒரே ஒரு புகைப்படம், எந்த லோகோவும் சொல்லாததைச் சொல்லிவிடும்.

தளங்களைப் பொறுத்தவரை இரண்டு போதும். புதியவர்கள் உங்களைக் கண்டுபிடிக்க ஒன்று, வந்தவர்கள் பேசிக்கொள்ள ஒன்று. எது என்பதை உங்கள் ரசனை தீர்மானிக்கக் கூடாது. நீங்கள் தேடும் ஆட்கள் ஏற்கெனவே எங்கே இருக்கிறார்களோ அதுதான் இடம். ஓவியர்கள் இன்ஸ்டாகிராமிலும் எலக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்கள் வேறு எங்காவதும் இருந்தால், எந்தத் தரப்பு உங்களிடம் குறைவாக இருக்கிறதோ அந்தத் தரப்பு இருக்கும் தளத்துக்குப் போங்கள்.

பார்ப்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள்?

இதுதான் ஆகப் பெரிய தவறு. கண்ணுக்குத் தெரியாத தவறும் இதுதான்.

கணினியில் உருவாக்கிய அழகான அனிமேஷன் ஒன்றை ரீலாகப் போடுகிறீர்கள். பார்வைகள் குவிகின்றன, ஃபாலோயர்கள் ஏறுகிறார்கள். கணக்கின் உள்விவரங்களைத் திறந்து பார்த்தால், வந்தவர்களில் பெரும்பாலோர் வேறு கண்டத்தில் இருப்பார்கள். அவர்கள் உங்கள் சந்திப்புக்கு வரப்போவதில்லை. பரிந்துரை அல்காரிதத்துக்கு ஊர் எல்லை முக்கியமில்லை. யார் அதிக நேரம் பார்ப்பார்களோ அவர்களிடம் அது பதிவைக் கொண்டுபோகிறது. விளைவாக, அடுத்தடுத்த பதிவுகளையும் அந்தத் தொலைதூர ரசிகர்களுக்காகவே செய்யத் தொடங்குகிறோம். உள்ளூர்க் குழுவாகப் பிறந்த கணக்கு ஒரு கலைக் கண்காட்சியாக மாறிவிடுகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. லைக் எங்கே அதிகம் விழுகிறதோ அந்தப் பக்கம் கை தானாகப் போகிறது.

இதைத் திருப்ப சில எளிய வழிகள் உண்டு. ஊரின் பெயரைக் கணக்கின் பெயரிலேயே வையுங்கள்; தேடுபவர் அதைத்தான் முதலில் தட்டுவார். பொதுவான ஹேஷ்டேக்குகளில் உங்கள் பதிவு கூட்டத்தில் தொலைந்துவிடும், ஊர்ப் பெயரும் கருவியின் பெயரும் சேர்ந்த ஹேஷ்டேக்கில் எளிதாகக் கண்ணில் படும். பதிவில் இடக்குறியீடு சேருங்கள். ஊரில் மக்கள் பேசும் மொழியில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் பரவல் கூடலாம், ஆனால் பக்கத்தில் இருக்கும் பள்ளி மாணவி இது தனக்கில்லை என்று நகர்ந்துவிடுவாள்.

எல்லாவற்றையும்விட நல்ல பலன் தருவது, உங்கள் துறையைச் சேராத உள்ளூர்க் கணக்குகளோடு உறவு வைப்பது. நூலகம், நாடகக் குழு, இசைப் பள்ளி, தையல் வகுப்பு, பழுதுபார்க்கும் கடை என்று தேடுங்கள். இவர்களைப் பின்தொடருங்கள், அவர்கள் நிகழ்ச்சியைப் பகிருங்கள், ஒரு நாடகத்துக்கு விளக்கு அமைப்பில் உதவ முன்வாருங்கள். அந்த நாடகக் குழுவைப் பின்தொடரும் இருநூறு பேர், முகம் தெரியாத இருபதாயிரம் பேரைவிட உங்களுக்குப் பயன்படுவார்கள்.

தன்னறிமுகத்தில் கலைச்சொற்களைக் கொட்டுவதும் இதே வகைத் தவறுதான். 'இம்மர்சிவ்', 'இன்டர்டிசிப்ளினரி' என்றெல்லாம் எழுதினால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்தான் புரியும். 2000-ல் நியூயார்க்கில் தொடங்கிய டார்க்பாட் சந்திப்புகள் தங்களை 'மின்சாரத்தை வைத்து விசித்திரமான காரியங்கள் செய்பவர்கள்' என்று சொல்லிக்கொண்டன. அந்த ஒரு வரி யாருக்கும் புரியும், ஆசையையும் தூண்டும். டார்க்பாட் பிறகு உலகின் பல நகரங்களுக்குப் பரவியது.

முடிந்த வேலையை மட்டும் காட்டுவது

பளபளப்பான இறுதி வீடியோவை மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால், தொடக்கநிலையில் இருப்பவருக்கு என்ன தோன்றும்? 'இவர்கள் அளவுக்கு வந்த பிறகு போகலாம்.' அந்த நாள் வரவே வராது.

மேடையிலேயே கோடு எழுதி இசைக்கும் லைவ் கோடிங் கலைஞர்கள் இதற்கு நல்ல முன்னுதாரணம். 2004-ல் உருவான டாப்லாப் அமைப்பின் முதன்மையான கோரிக்கை, உங்கள் திரையைக் காட்டுங்கள் என்பதுதான். எழுதும் கோடு சுவரில் எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும், தப்பு நடந்தாலும் தெரிய வேண்டும். அதே மரபிலிருந்து பிறந்த, கோடால் உருவாகும் இசைக்கு ஆடும் அல்காரேவ் நடன நிகழ்ச்சிகள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. உங்கள் பதிவுகளிலும் அந்தத் திரையைக் காட்டுங்கள். சிக்கிய ஒயர், எரர் செய்தி, மூன்றாவது முயற்சியிலும் ஓடாத மோட்டார் எல்லாம் வரட்டும். 'இது ஏன் இப்படி ஆகிறது, யாருக்காவது தெரியுமா?' என்று முடியும் பதிவுக்கு வரும் பத்து பதில்களில் ஒன்று உங்கள் ஊர்க்காரரிடமிருந்து வந்தால் போதும், அடுத்த சந்திப்புக்கு ஆள் கிடைத்தாயிற்று.

2021-லிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் ஜெனுவரி இன்னொரு நல்ல வாய்ப்பு. நாளுக்கு ஒரு தலைப்பு கொடுப்பார்கள், அதற்கேற்ப கோடால் ஒரு படம் செய்ய வேண்டும். அதை உங்கள் ஊர் அளவில் எடுத்துக்கொண்டு, வாரக் கடைசியில் எல்லாரும் கூடி அந்த வாரத்துப் படங்களைப் பார்க்கலாம். முழு மாதத்தையும் முடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள், ஐந்தாம் நாளே பாதிப்பேர் விலகிவிடுவார்கள்.

அழைப்பில் விடுபடுபவை

தேதி, நேரம், இடம் மூன்றையும் போஸ்டர் படத்துக்குள் மட்டும் எழுதிவிட்டுக் கீழே 'வாங்க வாங்க' என்று மட்டும் போடுவது வழக்கமாகிவிட்டது. திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்றவருக்கு அந்தப் படத்தில் ஒன்றும் கிடைக்காது. தேடலிலும் சிக்காது. விவரத்தை எழுத்தாகவும் கொடுங்கள், படத்துக்கு மாற்று விவரிப்பும் சேருங்கள்.

'இன்று மாலை', 'வரும் சனிக்கிழமை' என்று எழுதாதீர்கள். ஃபீடு காலவரிசையில் ஓடுவதில்லை. உங்கள் பதிவு மூன்று நாள் கழித்து ஒருவருக்குக் காட்டப்படலாம், அவர் தவறான சனிக்கிழமை வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போவார். தேதியும் கிழமையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், அழைப்பை அதில் மட்டும் வைக்காதீர்கள். இன்ஸ்டாகிராம் பதிவின் விவரிப்பில் போடும் இணைப்பைத் தட்டித் திறக்க முடியாது என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

புதியவர் மனதில் ஓடும் கேள்விகள் வேறு. தனியாக வரலாமா? லேப்டாப் வேண்டுமா? கட்டணம் உண்டா? கோடு தெரியாவிட்டால்? படியேறாமல் உள்ளே வர முடியுமா? எத்தனை மணிக்கு முடியும்? வாசலில் யாரைக் கேட்க வேண்டும்? இவற்றுக்குப் பதில் இல்லாத அழைப்பு, ஏற்கெனவே நண்பர்களாக இருப்பவர்களைத்தான் திரும்பக் கூட்டும்.

கிழமை பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு மாதமும் எந்த நாள் வைக்கலாம் என்று வாக்கெடுப்பு நடத்தும் குழுக்கள் களைத்துப்போகின்றன. முன்னே சொன்ன அதே ஜெர்மானியத் தொகுப்பு இதற்கும் வழி சொல்கிறது: எந்தக் கிழமையும் யாருக்காவது ஒத்துவராது, ஆகவே செவ்வாய்க்கிழமை என்று வைத்துக்கொண்டு விவாதத்தை முடியுங்கள். செவ்வாய்தான் வேண்டும் என்றில்லை, மாறாத ஒரு நாள் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஒரே குரூப்

அறிவிப்பு, சந்தேகம், வேலைவாய்ப்பு, வேடிக்கை வீடியோ எல்லாம் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் ஓடினால், முதல் வாரத்திலேயே பாதிப்பேர் ஒலியை அணைத்துவிடுவார்கள். பிறகு முக்கியமான அறிவிப்பும் அவர்களை எட்டாது. அட்மின் மட்டும் எழுதக்கூடிய அறிவிப்பு வழியைத் தனியாகவும், பேச்சைத் தனியாகவும் வையுங்கள்.

சாதாரண வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவருடைய தொலைபேசி எண் மற்ற எல்லாருக்கும் தெரியும். முன்பின் தெரியாதவர்கள் சேரும் குழுவில் இது சின்ன விஷயமில்லை. குறிப்பாகப் பெண்கள் இதற்காகவே சேராமல் இருந்துவிடுவார்கள், காரணத்தைச் சொல்லவும் மாட்டார்கள். 2022-ல் வந்த வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. டிஸ்கார்டில் எண் காட்டும் தேவையே இல்லை. யாராவது தொல்லை கொடுத்தால் யாரிடம் சொல்வது என்பதையும், சொன்னால் என்ன நடக்கும் என்பதையும் முதல் நாளே எழுதி வையுங்கள். சண்டை வந்த பிறகு எழுதும் விதி ஒரு தரப்புக்கு எதிராக எழுதியதாகவே படும்.

குரூப் அமைதியாக இருக்கிறதே என்று பதறத் தேவையில்லை. இணையக் குழுக்களில் சுமார் 90 சதவீதம் பேர் வாசிப்பவர்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது எழுதுபவர்கள், 1 சதவீதம் பேரே பெரும்பகுதியை எழுதுபவர்கள் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-ல் எழுதினார். பேசாதவர்களை நீக்கும் குழுக்கள் உண்டு. அது வேண்டாம். ஒரு வரியும் எழுதாத ஒருவர் ஒவ்வொரு சந்திப்புக்கும் தவறாமல் வரக்கூடும்.

பேச்சுக் குழுவுக்கு இன்னொரு குறை, அறிவு அதில் தங்காது. 'எல்இடி ஸ்ட்ரிப் கண்டபடி மினுக்குகிறது' என்று மாதத்துக்கு ஒருவர் கேட்பார். தனி பவர் சப்ளையின் கிரவுண்டையும் (மைனஸ் முனை) ஆர்டுயினோவின் கிரவுண்டையும் சேர்த்து இணைத்தீர்களா என்று ஒருவர் கேட்பார், பிரச்சினை தீரும். அடுத்த மாதம் திரும்பவும் அதே கேள்வி. குழு உரையாடல் செயலியான ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 2022 முதல் 90 நாள் பேச்சுதான் காணக் கிடைக்கிறது. டிஸ்கார்டுக்குள் எழுதியது பொதுவாகத் தேடுபொறியில் வருவதில்லை. திரும்பத் திரும்ப வரும் பதில்களைத் திறந்த ஒரு பக்கத்தில் எடுத்து எழுதுங்கள். புதியவர் ஒருவர் தன் பிரச்சினையைத் தேடும்போது உங்கள் குழுவையே கண்டுபிடிக்கும் வழியும் அதுதான்.

தளம் நம்முடையதில்லை

குறுவீடியோத் தளமான வைன் 2017-லும், பொதுமக்களுக்கான சமூக வலைத்தளமான கூகுள்+ 2019 ஏப்ரலிலும் மூடப்பட்டன. ஃபேஸ்புக் 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்போவதாக அறிவித்தபோது, பக்கம் நடத்தியவர்களின் வீச்சு குறைந்தது. ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) 2023-ல், வெளி நிரல்கள் தளத்தோடு பேச உதவும் இலவச ஏபிஐ-யைச் சுருக்கியதும், கலைஞர்கள் செய்து ஓடவிட்டிருந்த எத்தனையோ தானியங்கிக் கணக்குகள் நின்றுபோயின.

ஆகவே வருகிறவர்களிடம் சம்மதம் கேட்டு மின்னஞ்சல் முகவரி வாங்கி வையுங்கள். நாளைக்கே கணக்கு முடங்கினாலும் அடுத்த சந்திப்பு எங்கே என்று சொல்ல அந்தப் பட்டியல் இருக்கும். கடவுச்சொல்லும் இரட்டைச் சரிபார்ப்பும் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. அவர் வேலை மாறி வேறு ஊர் போனால் கணக்கும் அவரோடு போய்விடும்.

சந்திப்பு முடிந்த பிறகு

பெரும்பாலான குழுக்கள் நிகழ்ச்சிக்கு முன் பத்துப் பதிவு போடும், முடிந்த பின் ஒன்றும் போடாது. வராதவர்களை அடுத்த முறை வரவைப்பது முடிந்த பின் போடும் பதிவுதான். யார் எதைச் செய்து காட்டினார்கள், எங்கே சிக்கினார்கள், அடுத்த தேதி என்ன, இவ்வளவு போதும். செய்தவரின் பெயரும், அவர் கோடிங்கை யாரிடமிருந்து எடுத்து மாற்றினாரோ அவர் பெயரும் இருக்க வேண்டும். முகம் தெரியும் படத்துக்கு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். படம் வேண்டாம் என்பவர்கள் ஒட்டிக்கொள்ள ஒரு வண்ண ஸ்டிக்கர் வாசலில் வைத்தால் போதும், ஒவ்வொருவரும் வாய்விட்டு மறுக்க வேண்டியதில்லை.

இன்பாக்ஸில் 'எனக்கு ஒன்றும் தெரியாது, வரலாமா?' என்று வரும் செய்திக்கு அன்றைக்கே பதில் எழுதுங்கள். அதைத் தட்டச்சு செய்யவே அவர் பலமுறை யோசித்திருப்பார்.

எண்ணியே ஆக வேண்டும் என்றால் இரண்டாம் முறை வந்தவர்களை எண்ணுங்கள். ஒருமுறை வந்து திரும்ப வராதவர்களுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பி, எது மாறினால் வருவீர்கள் என்று கேளுங்கள். நேரம் ஒத்துவரவில்லை, திரும்பிப் போக வண்டி கிடைக்கவில்லை, யாரும் என்னிடம் பேசவில்லை என்று பதில் வரலாம். முதல் இரண்டும் அட்டவணையை மாற்றினால் தீரும். மூன்றாவது பதில் வந்தால், அடுத்த சந்திப்பில் புதியவர்களை வரவேற்று இன்னொருவர் பக்கத்தில் உட்கார வைப்பதற்கென்றே ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் அழைப்பிலேயே போட்டுவிடுங்கள்.