பழைய டிவியில் ஆப் நின்றுபோனால்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

போன மாதம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் டிவி அணைந்து கிடந்தது. பத்து வருடத்துக்கு முன் வாங்கிய 32 அங்குல ஸ்மார்ட் டிவி.

"அதுல இனிமே ஒண்ணும் வராதாம்ப்பா. கடையிலேர்ந்து ஒரு தம்பி வந்து பார்த்துட்டு, புதுசு வாங்கிடுங்கன்னு சொல்லிட்டுப் போனார்" என்றார்.

ரிமோட்டை எடுத்து அழுத்தினேன். படம் பளிச்சென்று வந்தது. கேபிள் சேனல்கள் எல்லாம் ஓடின. ஒலியிலும் குறையில்லை. வராமல் போனது ஒரே ஒரு ஆப்தான். அதைத் திறந்தால், இந்தச் சாதனத்தில் இனி இயங்காது என்று இரண்டு வரி மட்டும் வந்தது. அந்த இரண்டு வரிக்காக மேஜை மேல் புது டிவி ஒன்றின் விலைச்சீட்டு தயாராக இருந்தது. பென்ஷன் பணத்தில் வாழ்கிறவர் அத்தை. எனக்கு மனசு கேட்கவில்லை. இதை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

இப்படி ஆப்கள் விலகுவது புதிதல்ல. 2015 ஏப்ரலில் யூடியூப் தன் பழைய இணைப்பு முறையை மூடியபோது, 2012க்கும் அதற்கு முன்னும் வந்த பல டிவிகளில் யூடியூப் நின்றது. 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ், சாம்சங்கின் 2010, 2011ஆம் ஆண்டு ஸ்மார்ட் டிவிகள் சிலவற்றிலிருந்தும் ரோக்கு என்ற கம்பெனியின், டிவியோடு இணைத்து ஆப் பார்க்கும் தொடக்க காலப் பெட்டிகளிலிருந்தும் விலகியது. 2024 ஜூலை இறுதியில் இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஆப்பிள் டிவி பெட்டிகளுக்கும், 2025 ஜூனில் அமேசானின் முதல் தலைமுறை ஃபயர் டிவி ஸ்டிக்குக்கும் அதே கதி. இந்த வரிசை நீண்டுகொண்டுதான் போகும்.

காரணம் டிவிக்குள் இருக்கும் சிப். வாங்கிய நாளில் அதற்கு என்ன தெரியுமோ அவ்வளவுதான் கடைசி வரைக்கும் தெரியும். படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகள் மாறிக்கொண்டே வருகின்றன. 2018இல் வெளிவந்த ஏவி1 என்ற முறையை அதற்கு முன் செய்த சிப்புகளால் பிரித்துப் படிக்க முடியாது. திருட்டு நகலைத் தடுக்கும் பூட்டும் மாறுகிறது. நினைவகமோ ஒரு ஜிபி, அல்லது அதற்கும் குறைவு. ஐந்தாறு வருடம் போனதும் டிவி கம்பெனியும் மென்பொருள் அனுப்புவதை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு, குறைந்த ஆட்கள் பயன்படுத்தும் பழைய மாடலுக்காகத் தனியாக ஒரு ஆப்பைப் பராமரிக்க ஸ்ட்ரீமிங் நிறுவனங்களுக்கு மனம் வருவதில்லை. ஆனால் டிவியின் திரைக்கும் ஸ்பீக்கருக்கும் இதில் எந்தப் பங்கும் கிடையாது.

கை முதலில் போவது ரீசெட்டுக்கு

ஏதாவது ஓடவில்லை என்றால் 'ஃபேக்டரி ரீசெட் போடு', அதாவது எல்லாவற்றையும் அழித்து வாங்கிய நாள் நிலைக்குக் கொண்டுபோ என்று வீட்டில் ஒருவர் சொல்லுவார். எல்லாத் தவறுகளிலும் இதுதான் பெரியது. நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. 2025 மார்ச் 9 அன்று, 2015இல் வந்த இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டுகள் (போனில் ஓடுவதை டிவியில் காட்ட கூகுள் விற்ற சின்னக் கருவி) உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் நின்றன. பத்து வருட ஆயுளோடு உள்ளே வைத்திருந்த, சாதனம் அசல்தான் என்று காட்டும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் அன்றைக்குக் காலாவதியாகிவிட்டது. காரணம் அவ்வளவுதான். யாரும் ரீசெட் செய்ய வேண்டாம் என்று கூகுள் அறிவித்தது. சில நாட்களில் திருத்தம் தானாக வந்து இறங்கியது. கையை வைக்காமல் காத்திருந்தவர்களுக்கு எல்லாம் பழையபடி ஓடியது. அதற்குள் ரீசெட் போட்டவர்களோ சாதனத்தை மறுபடி அமைக்கவே முடியாமல், தங்களுக்கென்று இன்னொரு திருத்தம் வரும்வரை தவித்தார்கள்.

ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பார்ப்பதும் இதே ரகம்தான். பழைய மாடலுக்கு ஆப் ஸ்டோரில் அந்த ஆப்பைப் புதிதாகத் தருவதை ஏற்கெனவே நிறுத்தியிருப்பார்கள். ஏற்றி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். நீக்கினீர்கள் என்றால் அதுவும் போச்சு. ரீசெட் போட்டால் ஒன்றல்ல, இப்படி மூன்று நான்கு ஆப்களைச் சேர்த்தே இழக்க நேரிடும்.

அதனால் முதலில் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுசாகப் படியுங்கள். போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். 'இந்தச் சாதனத்தில் இனி இயங்காது' என்று இருந்தால் ஒரு கதை, 'இணைக்க முடியவில்லை' என்று இருந்தால் முற்றிலும் வேறு கதை. இரண்டாவது என்றால் டிவியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். மின்சாரம் போய் வந்ததில் கடிகாரம் 2014க்கோ 2016க்கோ பின்னால் போயிருந்தால், சான்றிதழ்களைச் சரிபார்க்க முடியாமல் எல்லா ஆப்களும் ஒன்றாக முரண்டு பிடிக்கும். தேதியைச் சரிசெய்தால் போதும். அப்புறம் டிவியை பிளக்கிலிருந்து பிடுங்கி இரண்டு நிமிடம் விட்டுப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு ஆப் மட்டும் அறிவிப்போடு நின்றிருந்தால், சரி, அது நிஜமாகவே விலகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

புது டிவியும் மலிவுப் பெட்டியும்

பின்னால் ஒரு எச்டிஎம்ஐ துளை இருந்து, திரையும் நன்றாக இருந்தால் புது டிவி வாங்க வேண்டியதில்லை. சில ஆயிரம் ரூபாயில் ஒரு ஸ்டிக்கோ பெட்டியோ சொருகினால், யோசிக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். காட்டும் வேலையை மட்டும் டிவி செய்யும். நாளைக்கு அந்த ஸ்டிக் பழசானால் அதை மட்டும் மாற்றலாம்.

இங்கேதான் அடுத்த தவறு காத்திருக்கிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளிலும் ஆன்லைனிலும் பெயர் தெரியாத 'ஆண்ட்ராய்டு பாக்ஸ்' மலிவாகக் கிடைக்கும். எல்லாச் சேனலும் இலவசம் என்று அட்டையிலேயே போட்டிருப்பார்கள். இவற்றில் பல, கூகுளின் சான்று பெறாதவை. நெட்ஃபிளிக்ஸ் போன்றவை அதில் ஏறாது, ஏறினாலும் பூட்டு முறை கீழ்நிலையில் இருப்பதால் மங்கலான 480 வரிப் படம்தான் வரும். அதைவிடக் கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு. இப்படிப்பட்ட பெட்டிகளில் தொழிற்சாலையிலேயே தீங்கான மென்பொருள் ஏறிவருவதைப் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ எச்சரித்தது. 'பேட்பாக்ஸ் 2.0' என்று அதற்குப் பெயர். 1 கோடிக்கும் மேற்பட்ட சாதனங்கள் அதில் சிக்கியிருப்பதாகச் சொல்லி அடுத்த மாதமே கூகுள் வழக்குத் தொடுத்தது. உங்கள் வீட்டு வைஃபையை முகம் தெரியாத ஒருவர் தன் மோசடிக்கு வாடகையில்லாமல் பயன்படுத்துவார், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஏற்கெனவே அப்படி ஒரு பெட்டி வீட்டில் இருந்தால், ப்ளே ஸ்டோர் அமைப்புகளில் 'சான்று பெற்றது' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தயங்காமல் கழற்றிவிடுங்கள்.

நல்ல கம்பெனி ஸ்டிக் வாங்கும்போதும் அது எந்த ஆண்டு வந்த மாடல் என்று பாருங்கள். தள்ளுபடியில் தள்ளிவிடுவது பெரும்பாலும் பழைய தலைமுறைதான். அதன் ஆயுளில் பாதி கடையிலேயே கழிந்திருக்கும்.

சொருகிய பிறகு சின்னச் சின்னத் தொல்லைகள் வரும். ஸ்டிக்குக்கு மின்சாரம் கொடுக்க டிவியின் யூஎஸ்பி துளையே போதும் என்று பலர் அதில் மாட்டிவிடுவார்கள். பழைய டிவியில் அந்தத் துளை அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக் பாதிப் படத்தில் அணைந்து அணைந்து எழும். 'புதுசும் பழுது' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூட வந்த அடாப்டரைச் சுவரில் மாட்டினால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. படத்தின் ஓரமும் சப்டைட்டிலும் வெட்டுப்பட்டால் குறை ஸ்டிக்கில் இல்லை. டிவியின் பட அளவு அமைப்பில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' என்று ஏதாவது ஒன்று இருக்கும், அதை வையுங்கள்.

போனிலிருந்து நேராக ஒயர் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள், ஒயர் வாங்கும் முன் போன் அதற்கு ஒத்துழைக்குமா என்று பாருங்கள். விலை குறைந்த பல போன்களின் டைப்-சி துளையிலிருந்து படம் வெளியே வராது.

இரண்டு ரிமோட் என்ற சுவர்

இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. என் அனுபவத்தில் பெரியவர்கள் டிவி பார்ப்பதையே விட்டுவிடுவது இதனால்தான். ஸ்டிக் மாட்டிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். மறுநாள் டிவி ரிமோட்டில் போட்டால் கேபிள் வரும். ஸ்டிக் ரிமோட்டில் அழுத்தினால் ஒன்றும் ஆகாது. 'இன்புட்' பொத்தானை எத்தனை முறை தட்ட வேண்டும் என்பது மறந்துபோயிருக்கும். போன் பண்ணிக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

எச்டிஎம்ஐ வழியாகவே டிவியும் ஸ்டிக்கும் பேசிக்கொள்ள ஒரு வசதி பழைய டிவிகள் பலவற்றில் உண்டு. பொதுப்பெயர் சிஇசி. சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று வேறு வேறு பெயரில் ஒளிந்திருக்கும். அதை ஆன் செய்துவிட்டால், ஸ்டிக் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தியதும் டிவி தானே எழுந்து, தானே சரியான துளைக்கு மாறிக்கொள்ளும். அத்தை வீட்டு டிவியில் இது மெனுவுக்குள் நான்கு படி தள்ளி அணைந்து கிடந்தது. ஆன் செய்து ஸ்டிக் ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன். மூன்று முறை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். "இவ்ளோதானா?" என்றார். பழைய ரிமோட்டை ஒரு ரப்பர் பேண்ட் போட்டு அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

பணம் போகும் வழிகள்

டிவியில் ஆப் நின்றுவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். அது கணக்கோடு கட்டப்பட்டது, டிவியோடு அல்ல. யூபிஐ ஆட்டோபே போட்டிருந்தால் மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும். ஆப்பை நீக்கினாலும் போகும். வேண்டாம் என்றால் போனில் அந்தச் சேவையின் கணக்குப் பக்கத்துக்குப் போய் ரத்து செய்யுங்கள். பிறகு யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலையும் ஒரு தடவை பாருங்கள்.

இன்னொன்று, கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி வரும் முதல் எண்ணுக்குப் போன் போடுவது. அதில் போலி எண்கள் நிறைய. டிவியைப் புதுப்பிக்கக் கட்டணம் என்பார்கள், போனில் திரையைப் பகிரும் ஆப் ஒன்றை ஏற்றச் சொல்வார்கள், ஓடிபி கேட்பார்கள். நின்றுபோன ஆப்பைப் பணம் கட்டி உயிர்ப்பிக்கும் ஏற்பாடு எந்த ஸ்ட்ரீமிங் நிறுவனத்திடமும் கிடையாது. உதவி வேண்டுமென்றால் போனில் உள்ள அந்த ஆப்புக்குள்ளிருந்தே போங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம்.

திரையே பழுதாகி டிவியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், கொடுப்பதற்கு முன் எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறுங்கள். டிவி எழவே இல்லை என்றாலும் போனிலிருந்து செய்யலாம். நெட்ஃபிளிக்ஸில் கணக்குக்குள் சாதனங்கள் பட்டியல் இருக்கிறது, அதில் அந்த டிவியைத் தேர்ந்து வெளியேற்றிவிடலாம். ரீசெட்டுக்குச் சரியான நேரம் இதுதான். பிறகு, பழைய இரும்புக்குப் போடாதீர்கள். எல்இடி வருவதற்கு முந்தைய எல்சிடி டிவிகளின் திரைக்குப் பின்னால் மெல்லிய குழல் விளக்குகள் உண்டு. அவற்றில் பாதரசம் இருக்கிறது. பிரித்து உடைப்பவர் மூச்சில்தான் அது போகும். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, மறுசுழற்சிக்கான பொறுப்பு டிவி தயாரித்த நிறுவனத்துடையது. அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் மின்கழிவுப் பக்கத்தைத் தேடினால் எங்கே கொடுப்பது என்று இருக்கும்.