இஃபுகாவ் அடுக்கு வயல்கள்: காப்பாற்றப் போய்க் கெடுக்கும் தவறுகள்

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், கொர்டில்லேரா மலைகளில் இஃபுகாவ் மக்கள் செதுக்கிய நெல் வயல்களை 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பராமரிப்பு குலைந்ததால் 2001இல் அவை அபாயப் பட்டியலுக்குப் போயின, மீண்டது 2012இல்தான். எழுதுகிறவர்கள் முதலில் சறுக்குவது இடத்தில். 20 பெசோ நோட்டில் அச்சான, பனாவே ஊரை ஒட்டிய வயல்கள் யுனெஸ்கோ பட்டியலில் இல்லை. பதாத், பங்கான், மயோயாவ், ஹுங்துவான், நகாகதான் ஆகிய ஐந்து தொகுதிகளே உண்டு. '2000 ஆண்டுப் பழமை' என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு எழுத வேண்டாம். அண்மை அகழாய்வுகள் ஈர நெல் வயல்கள் பெருகிய காலத்தை ஸ்பானியர் வருகையை ஒட்டி, ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் வைக்கின்றன. வாதம் இன்னும் ஓயவில்லை.

சரிந்த சுவரைச் சிமெண்ட் வைத்துக் கட்டுவதுதான் பெரிய சேதம். பழைய கற்சுவரில் சாந்து கிடையாது. வயலில் ஊறும் நீர் கல்லிடுக்கு வழியே கசிந்து வெளியேறும். இடுக்கை அடைத்துவிட்டால் மண் நீரைத் தேக்கிக் கனக்கும், சுவர் வயிறு தள்ளும், அடுத்த பெருமழையில் மொத்தமாகச் சரிந்து கீழ் வயலையும் இழுத்துக்கொண்டு போகும். சரியான முறை இது: விழுந்த கல்லையும் மண்ணையும் அள்ளி, உறுதியான அடித்தளம் தெரியும்வரை தோண்ட வேண்டும். பெரிய கல் அடியில். ஒவ்வொரு கல்லின் நீளப் பக்கமும் மலைக்குள் நீள வேண்டும். சுவர் மலைப்பக்கம் சற்றே சாய வேண்டும். பின்னால் சிறுகல், அதற்குப் பின்னால் மண். களிமண் மிதிப்பது வயல் தரையிலும் வரப்பிலும் மட்டும். கையளவு ஓட்டை தெரிந்த அன்றே அடைத்துவிட்டால் இவ்வளவு வேலை வராது.

அறுவடை முடிந்ததும் வயலைக் காயப் போடுவதும் தப்பு. சமவெளி விவசாயிக்கு அது பழக்கமாக இருக்கலாம். இங்கே காய்ந்த களிமண் வெடிக்கும், மண்புழுக்கள் ஆழத் துளைக்கும். மறுபடி நீர் பாய்ச்சினால் வெடிப்பு வழியே சுவருக்குள் இறங்கும். அதனால்தான் தரிசுக் காலத்திலும் நீர் நிற்கிறது.

அந்த நீர் வருவது வயல்களுக்கு மேலுள்ள முயோங் என்னும் குடும்பக் காடுகளிலிருந்து. வயலுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு, காட்டை மரம் வெட்டவும் காய்கறித் தோட்டம் போடவும் விடும் திட்டம் ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதுதான்.

இங்கே வழிவழியாகப் பயிராகும் தினாவோன் நெல் ஆண்டுக்கு ஒரு போகம்தான். 'விளைச்சல் குறைவு' என்று இருபோக ரகத்தைக் கொண்டுவருவார்கள். அந்த ரகங்கள் உரம் கேட்கும். மலைக் குளிரில் பல தாங்காது. ஊரே ஒரே காலத்தில் நட்டு அறுக்கும் முறை குலைந்தால், எலிக்கும் பூச்சிக்கும் ஆண்டு முழுக்கத் தீனி. 1980களில் பிலிப்பைன்ஸுக்குள் வந்த பொன் ஆப்பிள் நத்தை இளநாற்றைத் தின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் மருந்தடித்தால் மக்கள் பிடித்துத் தின்னும் மீனும் நாட்டு நத்தையும் சேர்ந்து போகும். முதிர்ந்த நாற்றாக நடுவது, வயலுக்குள் சிறு பள்ளம் வெட்டி நீர்மட்டத்தைக் குறைத்து அங்கே சேரும் நத்தையைக் கையால் பொறுக்குவது, நீர் நுழையும் வாயில் வலை கட்டுவது: இவை போதும்.

இஃபுகாவ் மக்கள் வாய்வழியாகப் பாடிவரும் ஹுத்ஹுத் பாட்டு 2001இல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றது. 200க்கும் மேற்பட்ட பாட்டுகள், ஒவ்வொன்றும் 40 பகுதிகளாக, நாள்கணக்கில் நீளும். பெரும்பாலும் பெண்களே முன்நின்று பாடுவார்கள். விதைப்பு, அறுவடை, இழவு வீடு என்று அதற்கு இடம் உண்டு. பத்து நிமிட மேடை நிகழ்ச்சியாக நறுக்கிவிட்டு 'பாதுகாத்தோம்' என்பது கணக்கில் வராது. தினாவோன் அறுவடை நின்ற ஊரில் அறுவடைப் பாட்டுக்கு வேளையே இல்லை. பள்ளியில் கற்பிப்பதானால் பாடத் தெரிந்த மூத்த பெண்களையே ஆசிரியராக வைத்து, ஒரு பாட்டையாவது முழுமையாகப் பயிற்றுவிக்க வேண்டும்.

புலுல் என்னும் நெற்களஞ்சியக் காவல் உருவத்தைத் துடைத்துப் பளபளப்பாக்காதீர்கள். அதன் கருமைப் படிவு பன்றிப் பலி ரத்தமும் அரிசி மதுவும் அடுப்புப் புகையும் சேர்ந்தது. சடங்குகளின் தடம் அதுவே. உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும். ஆணும் பெண்ணுமான இணை உருவங்களாக இருந்தால் பிரித்து வைக்க வேண்டாம்.

பதிவு செய்யவோ ஆய்வு செய்யவோ போகிறவர்கள் ஊராட்சி அதிகாரியின் கையெழுத்தோடு நின்றுவிடக் கூடாது. 1997ஆம் ஆண்டுப் பழங்குடியினர் உரிமைச் சட்டப்படி முன்கூட்டியே, வற்புறுத்தலின்றி, விவரம் சொல்லிச் சமூகத்தின் இசைவைப் பெற வேண்டும். பதிவின் பிரதி யாரிடம் இருக்கும், எதை வெளியே காட்டலாம் என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள். மும்பாகி என்னும் சடங்குத் தலைவர் ஓதும் சில மந்திரங்களைச் சடங்குக்கு வெளியே ஒலிக்கவிட அவர் மறுத்தால், அந்த மறுப்பையும் அந்த எழுத்திலேயே சேருங்கள்.