மீட்டரை விடுங்க, குனிஞ்சு அடியில பாருங்க: அதிகம் ஓடிய பிக்கப் வாங்குவோர் செய்யும் தவறுகள்

அந்தியூர் சந்தையில் மாடு பிடிக்கப் போனால், பல்லைப் பார்க்காமல் நம்ம ஆட்கள் விலை பேசவே ஆரம்பிக்க மாட்டார்கள். அதே ஆள் பழைய பிக்கப் வாங்க கன்சல்டிங் (பழைய வண்டி விற்கும் கடை) பக்கம் போனால், மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு "எண்பதாயிரம்தான் ஓடியிருக்குது" என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறார்.

கணக்குப் போடுங்கள். வாடகைக்கு ஓடும் வண்டி நாளைக்கு 150 கிலோமீட்டர், வருடத்தில் 300 நாள் ஓடினால் 45,000. எட்டு வருடத்தில் மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும். எட்டு வருட வண்டியின் மீட்டர் 80,000 காட்டினால், தினம் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்க வேண்டும். தவணை கட்டிக்கொண்டு யார் வண்டியை அப்படி நிறுத்தி வைப்பார்கள்? மீட்டரைத் திருத்தலாம், பெடல் ரப்பரை யாரும் அவ்வளவாகக் கவனித்துத் திருத்துவதில்லை. கிளட்ச் பெடல் வழவழவென்று தேய்ந்து, சீட்டின் இறங்கும் ஓரம் அமுங்கி, ஸ்டீயரிங் பளபளத்தால் மீட்டர் பொய் சொல்கிறது. பழைய சர்வீஸ் பில், எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) தாள் எதுவும் இல்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. இரண்டரை லட்சம் என்றதுமே திரும்பி வந்துவிடுவது. திருப்பூரில் பனியன் பார்சல் ஏற்றிக்கொண்டு பைபாஸில் டாப் கியரிலேயே ஓடிய இரண்டரை லட்சம், கிரஷரில் எம்-சாண்ட் அள்ளிய ஒரு லட்சத்தை விட எவ்வளவோ மேல். ஆகவே எவ்வளவு ஓடியது என்பதோடு, என்ன ஏற்றியது, எந்த ரோட்டில் ஓடியது என்றும் கேளுங்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, திம்பத்துக்கு 27. இந்த மலைகளில் தினமும் ஏறி இறங்கிய வண்டியில் கிளட்ச்சும் பிரேக்கும் கியர்பாக்ஸும் கிலோமீட்டருக்குச் சம்பந்தமில்லாமல் தேய்ந்திருக்கும்.

நம்ம பக்கத்தில் தனியாகக் கவனிக்க வேண்டியது கோழி எரு ஏற்றிய வண்டி. பல்லடம், நாமக்கல் வட்டாரத்தில் இது சகஜம். ஈர எருவும் அதிலிருந்து வரும் அமோனியாவும் பாடித் தகட்டையும் அடியில் இருக்கும் குறுக்குச் சட்டங்களையும் அரித்துவிடும். மீன் ஏற்றிய வண்டியில் ஐஸ் தண்ணீரோடு உப்பும் சேர்ந்து வடிந்திருக்கும். கழுவி சென்ட் அடித்தால் வாசம் போய்விடும், துரு போகாது. கிளட்ச் போனால் மாற்றலாம், இன்ஜினுக்குப் போர் வேலை (சிலிண்டரைக் கடைந்து பிஸ்டன் மாற்றுவது) பார்க்கலாம். சேசிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) போன வண்டியை, எவ்வளவு மலிவாக வந்தாலும், நான் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

"ஒத்தக்கை வண்டிங்ணா, கண்ண மூடிட்டு எடுங்க" என்பார் புரோக்கர், ஒரே ஓனர் கையில் இருந்த வண்டி என்று அர்த்தம். "எடுக்கறனுங்க, அதுக்கு முன்னால குனிஞ்சு ஒரு பார்வை பாத்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு சாக்கை விரித்துப் படுங்கள். டார்ச் அடித்து, பின்பக்கப் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) தாங்கும் பிராக்கெட் சேசிஸில் சேரும் இடத்தைப் பாருங்கள். விரிசல் முதலில் பெரும்பாலும் அங்கேதான் விழும். வெல்டிங் வடு தெரிகிறதா, அந்த இடத்தில் மட்டும் புதுசாகக் கருப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறதா? சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், துரு தின்ற இடம் சத்தமே எழும்பாமல் அமுங்கும். கம்பெனி கொடுத்ததற்கு மேல் பட்டை சேர்த்திருந்தால், அந்த வண்டி ஓவர்லோடிலேயே பிழைத்த வண்டி.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால், குபுகுபுவென்று புகை தள்ளுவது பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டனைத் தாண்டி வாயு கீழே கசிகிறது, போர் வேலை நெருங்கிவிட்டது. சைலன்சரில் நீலப் புகை நிற்காமல் வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது.

காலி வண்டியை ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு "நல்லா இழுக்குது" என்பதில் அர்த்தமே இல்லை. காலி பிக்கப் எல்லாமே நன்றாகத்தான் இழுக்கும். சிமென்ட் மூட்டையோ தீவன மூட்டையோ ஏற்றி ஒரு மேட்டில் ஏற்றுங்கள். கிளட்ச் வழுக்குவது, கியர் தானாக நியூட்ரலுக்கு வருவது, கிரவுனில் (பின் ஆக்சிலில் இருக்கும் பல்சக்கரம்) ஊளைச் சத்தம் எல்லாம் அப்போதுதான் வெளிவரும். லோடு ஏற்றிப் பார்க்க விடமாட்டேன் என்றால் வேறு வண்டி பாருங்கள்.

பேப்பர் விஷயத்தில் நம்மவர்களுக்கு அலட்சியம் அதிகம். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி எதுவரை இருக்கிறது, பைனான்ஸ் பதிவு நிற்கிறதா என்று பாருங்கள். கடன் முடிந்தும் எச்.பி. (ஆர்.சி.யில் இருக்கும் அந்த பைனான்ஸ் பதிவு) கேன்சல் ஆகாத வண்டிகள் நிறைய. பைனான்ஸ்காரர் கையெழுத்திட்ட படிவம் 35 (கடன் முடிந்தது என்று ஆர்.டி.ஓ.வுக்குத் தரும் தாள்) கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டினால் பர்மிட் வேண்டும். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும், அதற்கு முன் செய்யும் பெயிண்ட், டிங்கரிங் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் கேரளப் பதிவு வண்டிக்கு என்.ஓ.சி. (அங்கிருந்து வாங்கும் தடையில்லாச் சான்று), இங்கே வரி, மறுபதிவு எல்லாம் சேர்த்தால் மலிவு அவ்வளவாக மிஞ்சாது. மழையில் நின்ற துருவும் கூட வரும்.

கடைசியாக, விற்றவர் கையெழுத்துப் போட்ட 29, 30 படிவத்தை (பெயர் மாற்றப் படிவங்கள்) வாங்கி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுவது. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், இன்சூரன்ஸை மாற்ற 14 நாள்தான். அதை மாற்றாமல் வண்டியைக் கவிழ்த்தால், முழு இன்சூரன்ஸே இருந்தாலும் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது.